உண்ணி மாத்திரைக்காக எடைப்பலகை ஏறிய காதை

ஓங்குக அவன் புகழ்! ஒன்பது மாடிக் கட்டடங்களின் முதுகெலும்புக்குள் ஏறியிறங்கும் இரும்புப் பேழைகளை ஒற்றைத் திருப்புளியால் அடக்கியாள்பவன். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே சிக்கிக் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்த எண்ணிறந்த மாந்தரை மீண்டும் வெளிச்சம் காணச் செய்தவன். "ஒருத்தர் எறங்குங்க, வெயிட்டு தாங்காது" என்னும் ஒரே முழக்கத்தால் பெருங்கூட்டத்தையும் பிளந்தவன். கிரீசு மணக்கும் கையினன், சாவிக்கொத்து குலுங்கும் இடுப்பினன், லிஃப்ட் மெக்கானிக்குகளுள் ஏறு அனையான்! அத்தகையோன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், தன் வீட்டுக் கூடத்தில், பனியனே கவசமாக, தன் நாய்க்கு உண்ணி மருந்து தேர்ந்தெடுக்கப் புகுந்து பட்ட பாட்டைப் பாடத் துணிந்தோம். சொல்லுக்கு அரசியே, இதற்கெல்லாமா என்னைக் கூப்பிட்டாய் என்று முகம் சுளியாது வருக. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்க. ஒரு கால் ஆடும், பார்த்து அமர்க.

முதலில் நாயைப் பாடுதும். கட்டி முடியாத கட்டடமொன்றின் லிஃப்ட் குழியில் சிமெண்டுத் தூளில் புரண்டு முனகிக் கிடந்த கையளவுக் குட்டியைத் தலைவன் தன் கருவிப்பையிலே, இடுக்கிக்கும் சோதனை விளக்குக்கும் நடுவே வைத்து வீடு கொணர்ந்த நாளில், அதற்குப் 'பொத்தான்' என்று பேர் வைத்தது பொருத்தமாகவே இருந்தது. ஆண்டுகள் நான்கு கழிந்தன. பழுப்பு மேனியும் பருத்த கழுத்தும் ஒற்றைக்காது மடிந்த ஒய்யாரமும் உடையதாய், ஏறி அமர்ந்தால் சோபா பெருமூச்செறியும் மாட்சிமை எய்திய பின்னும் அப்பேர் மாறவில்லை. மாற்றினாலும் அது திரும்பிப் பார்க்காது.

இனிப் பகைவனைக் கேண்மின். எள்ளினும் சற்றே பெரியன், எட்டுக் காலன், கண்ணுக்குத் தெரியாத வாயன், குருதியுண்டு கொழுத்தபின் பயறெனப் பருப்பவன், அழையா விருந்தினன், பிடுங்கினால் தலையை விட்டுவிட்டு உடலை மட்டும் தரும் வன்கணாளன்: அவனே உண்ணி. அன்று காலை பொத்தானின் மடிந்த காதுக்குப் பின்னே அவன் பாசறை அமைத்திருப்பதைக் கண்டவள் தலைவனின் மனைவி. அவளோ கண்ணாடிக் கடையில் நாள்தோறும் ஊராரின் கண்களைச் சோதித்து, கடைசி வரிசையின் கடுகளவு எழுத்தையும் விடாது வாசிக்கவைக்கும் கூர்நோக்கினள். அவள் பார்வைக்குத் தப்பிய தூசு அவ்வீட்டில் இல்லை.

"என்னங்க, இங்க வாங்க. வந்துருச்சு."

அவ்வளவே சொன்னாள். கேட்ட தலைவனின் கையிலிருந்த காபி டம்ளர், புயலில் அகப்பட்ட கலம்போல் ஆடிற்று.

ஏன் ஆடிற்று என்பீராயின், சென்ற மழைக்காலத்தை நினைமின். உண்ணிக் காய்ச்சல் கண்டு, ஈறு வெளுத்து, நிற்க மாட்டாமல் பின்கால் மடிந்து, பொத்தான் நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தது. முன்காலில் ஊசி ஏற, குழாய் வழியே மருந்து சொட்ட, நான்கு நாளும் அதன் பாதத்தைப் பிடித்தபடி தரையிலேயே அமர்ந்திருந்தான் தலைவன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று வினவியவர்க்கெல்லாம், லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தேன், தூசு விழுந்துவிட்டது என்றான். அது தரைத்தளம் மட்டுமே உள்ள கட்டடம் என்பதை அங்கே யாரும் சுட்டிக்காட்டவில்லை. சில நேரங்களில் உலகம் நல்ல உலகமே.

ஆகவே அவை கூடிற்று. மனைவியின் தம்பி தன் மோட்டார் பைக்கில் இடியென வந்திறங்கினான். உடற்பயிற்சிக் கூடத்தில் ஊரார் தொந்திகளை எல்லாம் அதட்டி ஒடுக்குபவன் அவன். உண்ணும் முட்டையின் வெண்கருவுக்கும் கணக்கு வைத்திருப்பவன். விடுமுறையில் இருந்த நாய் டாக்டரம்மா தொலைபேசியிலேயே திருவாய் மலர்ந்தார்: "பட்டை இருக்கு, முதுகுல விடற சொட்டு மருந்து இருக்கு, மாத்திரை இருக்கு. ஏதாவது ஒண்ணு. ஆளாளுக்கு ஒண்ணப் போட்டுடாதீங்க."

மூன்று வேந்தர் சுயம்வரத்தில் நின்றனர்.

முதலில் எழுந்தது பட்டை. கழுத்தைச் சுற்றி வளைத்து, மாதக்கணக்கில் காவல் நிற்கும் கோட்டைமதில் அது என்று மைத்துனன் பறையறைந்தான். ஆயின் அக்கா எழுந்து சென்று, அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைக் கொணர்ந்து கவிழ்த்தாள். பொத்தான் இதுகாறும் மென்று துப்பிய கழுத்துவார்களின் எச்சங்கள் போர்க்களத்து எலும்புகள்போல் தரையில் சிதறின. மதில் வீழ்ந்தது.

அடுத்து எழுந்தது சொட்டு மருந்து. தோள்பட்டைகளின் நடுவே மயிரை விலக்கிச் சொட்டினால் மேனியெங்கும் பரவும் மாயநீர். அதை விரும்பியவன் தலைவன். ஆயினும், இரவில் தன் தலையணையின் முக்கால் பங்கைப் பொத்தானுக்குத் தானமளித்துவிட்டு எஞ்சிய கால் பங்கில் உறங்குபவள் மனைவி அல்லளோ? "அதெல்லாம் என் தலைமுடியிலதான் பரவும்" என்றாள். மாயநீரும் வற்றிற்று.

எஞ்சியது மாத்திரை. கறிமணம் கமழ்வது, மென்று தின்னத் தக்கது, உள்ளே புகுந்து குருதியோடு கலந்து, கடிக்க வந்த பகைவனை அவன் பந்தியிலேயே வீழ்த்துவது. மூவரும் தலையசைத்தனர். பொத்தான் கொட்டாவி விட்டது. வென்றோம் என்று தலைவன் சோபாவில் சாய்ந்த அக்கணத்திலே, ஐயகோ, டாக்டரம்மாவின் குரல் மீண்டும் ஒலித்தது:

"எடையப் பொறுத்துதான் பெட்டி. பத்துலேர்ந்து இருவது கிலோவுக்கு ஒண்ணு, இருவதுலேர்ந்து நாப்பதுக்கு ஒண்ணு. போன வருசத்து எடையெல்லாம் வேணாம், இன்னைக்கு எடை பாத்து வாங்குங்க. குத்துமதிப்பா குடுத்துடாதீங்க, மருந்து அது."

எடை! அச்சொல் செவிப்பட்டதும், எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் பதின்மூவர் ஏறியபோதும் அஞ்சாத நெஞ்சினன் அஞ்சினான். அவன் அச்சத்தின் வேரை இனி அகழ்ந்து காட்டுதும்.

ஆறு திங்களுக்கு முன் மைத்துனன் அவ்வீட்டுக்கு ஒரு கண்ணாடி எடைப்பலகையைப் பரிசளித்து, "மாமா, டெய்லி காலைல பொத்தானக் கூட்டிட்டு நாலு கிலோமீட்டர் நடங்க" என்று விதித்தான். தலைவன் நடந்தான், இல்லை என்பார் இல்லை. ஆனால் நாலு கிலோமீட்டர் தொலைவில் இல்லாமல் நானூறு மீட்டரிலேயே ஒரு பேக்கரி இருந்தது. அங்கே அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பன்னைப் பிளந்து, வெண்ணெய் தடவி, ஆவி பறக்க நீட்டும் ஒரு கை இருந்தது. வீரன் என் செய்வான்? ஞாயிறுதோறும் தனியறையுள் புகுந்து, தாழிட்டு, பலகை ஏறி, அது காட்டிய எண்ணைத் தன் உள்ளத்தே புதைத்து, வெளியே வந்து வேறோர் எண்ணை அறிவித்தான். எண்பத்திரண்டில் தொடங்கி எண்பது என்றான், எழுபத்தெட்டு என்றான், எழுபத்தாறு என்றான். மைத்துனன் புளகாங்கிதம் எய்தி, "எங்க மாமா வெறும் நடையிலயே ஆறு கிலோ எறக்கினாரு" என்று தன் கூடத்துத் தொந்தியர்க்கெல்லாம் எடுத்துக்காட்டாக ஓதிவந்தான். மனைவியோ கடையில் கூடச் சொல்லிப் பூரித்தாள்.

"திங்கக்கெழம டாக்டர்ட்டயே கூட்டிட்டுப் போயி எடை பாத்துக்கலாமே" என்று மெல்ல ஓர் அம்பெய்தான் தலைவன்.

"நாளைக்குள்ள இன்னும் நாலு உண்ணி ஏறும். போன தடவ மாதிரி தேம்பித் தேம்பி அழணுமா நீங்க?"

அம்பு திரும்பி வந்து எய்தவன் காலடியிலேயே விழுந்தது.

"பட்டையே தேவலாம்னு தோணுது" என்றும் முயன்றான். மற்ற இருவரும் டப்பாவை மட்டும் பார்த்தனர்.

பலகை கொணரப்பட்டது. முதலில் பொத்தானை மட்டும் அதில் நிறுத்த முயன்ற படலம் தனியே பாடத்தக்கது. முன்கால் இரண்டும் ஏறின. பலகை ஒன்பது என்றது. பின்கால்கள் ஏறின, முன்கால்கள் இறங்கின, பலகை பத்து என்றது. நடுவில் படுத்தது, வால் பக்கம் மைத்துனன் பிடிக்க, தலை பக்கம் அக்கா தாங்க, பலகை தன் வாழ்விலேயே கண்டிராத எண்களை எல்லாம் ஓட்டிக் காட்டிக் கடைசியில் வெறும் கோடுகள் இரண்டை இட்டு அணைந்துபோயிற்று.

"இது வேலைக்காவாது மாமா. நீங்க தூக்கிட்டு ஏறுங்க. உங்க எழுவத்தாற கழிச்சுட்டா பொத்தான் எடை வந்துருது."

கணிதம் இத்துணைக் கொடிதென்று எப்பள்ளியும் அவனுக்குக் கற்பித்ததில்லை. தூக்கினான். ஏறினான். மார்பை மறைத்துப் பொத்தான் நிறைந்திருக்க, கீழே எண் அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் குனிந்தாள், கூர்நோக்கினள் அல்லளோ?

"நூத்திரண்டர. எழுவத்தாறு போனா இருவத்தாறர. டேய், பெரிய பொட்டி, இருவது டு நாப்பது. ஒரு மணிக்குக் கட பூட்டிருவான், ஓடு!"

மைத்துனன் தலைக்கவசம் அணிந்தான். படியிறங்கும் காலடிகள் முரசுபோல் அதிர்ந்தன. தலைவனோ நாயை ஏந்தியபடியே பலகைமேல் சிலையானான். அவனுள் இரு படைகள் எதிர்நின்றன. ஒருபால், ஆறு திங்கள் கட்டிக் காத்த மானம், மனைவியின் பெருமிதம், தொந்தியர் மன்றத்தில் வாழும் புகழுடம்பு. மறுபால், அவன் கழுத்தில் சூடாக மூச்சுவிட்டபடி தாடையை நக்கிக்கொண்டிருந்த ஓருயிர்; அதன் மெய்யான எடையோ இருபதுக்குள். பெரிய உடம்புக்கென்று அளந்த மருந்து சின்ன உடம்புக்குள் போனால் என்னாகும்? டாக்டரம்மா சொன்ன "மருந்து அது" என்னும் இரு சொல்லும் அவன் காதுக்குள் அபாயமணியாய் ஒலித்தன. அம்மணியை அவன் அறிவான். பாரம் மிகும்போது லிஃப்டில் ஒலிப்பது அது. யாரேனும் ஒருவர் இறங்கும்வரை ஓயாதது.

கீழே பைக் உறுமிற்று.

நாயை மனைவியின் கையில் எறியாத குறையாகத் திணித்தான்; வெறுங்காலனாய்ப் பாய்ந்தான். லிஃப்டோ மேலே நான்காம் தளத்தில் நின்றது. வாழ்நாளெல்லாம் லிஃப்டைப் பேணியவன் அதற்காகக் காத்திராமல் படிக்கட்டே கதியென மும்மூன்று படியாகத் தாவினான். முழங்கால் முறையிட்டது, பனியன் மேலேறிற்று, உள்ளிருந்த பன்கள் யாவும் குலுங்கின. வெண்கொடி அசைந்தாற்போல் தெருவில் தோன்றி இரு கையும் விரித்து முழங்கினான்:

"டேய் மாப்ள, நில்லுடா! சின்னப் பொட்டி!"

"ஏன் மாமா?"

"நான் எழுவத்தாறு இல்லடா!"

கார் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திய அம்மாள் கிளிப்பை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மேலிருந்து, பொத்தானை அணைத்தபடி பால்கனியில் எட்டிப் பார்த்த மனைவியின் குரல் அசரீரியென இறங்கிற்று:

"பின்ன எவ்ளோங்க?"

"எம்பத்துநாலு!"

தெரு கேட்டது. திசைகள் கேட்டன. மைத்துனன் தலைக்கவசத்தின் கண்ணாடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டான். துயரத்தாலா, சிரிப்பை மறைக்கவா என்பதை நூல்கள் உரைக்கவில்லை. "அப்போ பதினெட்டர. சின்னப் பொட்டி" என்று மட்டும் கூறிப் புழுதி பறக்கச் சென்றான்.

படியேறி மீண்ட தலைவனைக் கூடத்தில் எதிர்கொண்டாள் மனைவி.

"நடக்கறேன் நடக்கறேன்னு ஆறு மாசமா எங்க போனீங்க?"

"பேக்கரி வரைக்கும் நடந்தோம்."

"நடந்தோமா? இதுவும் தின்னுச்சா?"

"பாதிதான்."

அவள் அவனைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் ஒரே குற்றம், ஒரே அப்பாவித்தனம், ஒரே மாதிரித் தலைசாய்ப்பு. சினம் கொள்ள எழுந்தவளுக்கு உதடு ஒத்துழைக்கவில்லை.

"எடையில என்னங்க இருக்கு? எம்பத்துநாலுன்னா எம்பத்துநாலு. வாயத் தெறக்காம இருந்திருந்தா இதுக்கு என்ன ஆயிருக்கும்?"

"அதான் செருப்புகூடப் போடாம ஓடினேன்" என்றான் அவன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசு விழுந்திருக்க வேண்டும்.

"நாளையிலேர்ந்து நானும் வரேன், நடக்க" என்று தீர்ப்பு வழங்கினாள். பிறகு, சற்றுத் தாழ்ந்து, "ஒருநாள் விட்டு ஒருநாள் பன்னு" என்று கருணையும் காட்டினாள்.

மாத்திரை வந்தது. அந்தோ, இறுதிப்போர் இனிமேல்தான் என்று மூவரும் அரைக்கச்சை இறுக்கினர். மைத்துனன் கதவுகளை அடைத்துத் தப்பும் வழிகளை மறித்தான். மனைவி அவித்த முட்டையின் நடுவே மாத்திரையை ஒளிக்கும் மறைமுறையைத் தயார்செய்தாள். துப்பினால் பிடிக்கத் தட்டொன்றும், திமிறினால் போர்த்தத் துண்டொன்றும், கடித்தால் கட்ட மருந்துப்பஞ்சும் அணிவகுத்தன. தலைவன் மண்டியிட்டு, குலதெய்வங்கள் யாவரையும் நினைந்து, முட்டை வரும்முன் மோப்பம் மட்டும் காட்டுவோம் என்று அச்சிறு மாத்திரையை உள்ளங்கையில் ஏந்தி, கண்களை இறுக மூடி, மெல்ல, மிக மெல்ல, முன்னே நீட்டினான்.

பொத்தான் அதைத் தின்றுவிட்டது.