கேலனுக்கு ஐந்து மைல்

மகா யுத்தம் நடக்கும் காலத்தில் பெட்ரோலைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. பெங்களூர் நீலசந்திராவில் குடியிருந்த டாக்ஸிக்காரர் ஆம்ப்ரோஸுக்கும் இருக்கவில்லை. அவருடைய காருக்குத்தான் இருந்தது.

அந்தக் கார் டாக்ஸியாகப் பிறந்ததல்ல. ஏதோ ஒரு ஜமீன்தார் புலி வேட்டைக்கென்று சீமையில் சொல்லிச் செய்வித்தது. முன்னால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். பக்கவாட்டில் துப்பாக்கி சாத்தி வைக்கத் தாங்கிகள். பின்னால், சுட்ட புலியைக் கிடத்தி வர ஒரு கட்டில் அளவு இடம். ஜமீன்தார் கடைசி வரை ஒரு புலியையும் சுடவில்லை. எஞ்சின் சத்தம் இரண்டு மைல் முன்னதாகவே போய்ப் புலிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டது. ஜமீன் ஏலத்துக்கு வந்தபோது ஆம்ப்ரோஸ் அந்தக் காரை எடுத்தார். அவர் மனைவி ஜோசஃபின் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

கார் கேலனுக்கு ஐந்து மைல் ஓடியது. இறக்கமாக இருந்தால் ஐந்தரை. எஞ்சினை நிறுத்திய பிறகும் அது பெட்ரோல் குடிக்கிறது என்பது மற்ற டிரைவர்களின் கட்சி.

ஆனால் கண்டோன்மென்ட் நாகரிகத்துக்கு அந்தக் கார்தான் வேண்டியிருந்தது. அதே ஸ்டாண்டில் நோயல் என்பவர் ஒரு குட்டிக் கார் வைத்திருந்தார். கேலனுக்கு நாற்பது மைல் கொடுக்கும், வழியில் நிற்காது. அதில் போனால் போய்ச் சேரலாம். போனதை நாலு பேர் பார்க்க மாட்டார்கள். ஆகவே கல்யாணப் பெண்ணும், ஞானஸ்நானக் குழந்தையும், சம்பந்தி வீட்டாரும் ஆம்ப்ரோஸின் காருக்காகக் கால் கடுக்க நின்றார்கள். நோயல் தம் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

இப்படியிருக்கையில் பெட்ரோல் சிக்கன இலாகா உதயமாயிற்று. அதன் தலைமை உத்தியோகஸ்தர் ஸ்ரீமான் சீனிவாசராகவன் மல்லேஸ்வரத்தில் வசித்தார். ஆபீஸ் கண்டோன்மென்டில் இருந்ததால் அவர் தினமும் போய்வரப் பெட்ரோல் வீணாயிற்று. சிக்கனத்தை முன்னிட்டு ஆபீஸையே அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதிலிருந்து அவர் நடந்தே வந்தார். ஊரிலிருந்த டாக்ஸிகளெல்லாம் மல்லேஸ்வரத்துக்குப் போயின.

டாக்ஸி ஒன்றுக்கு மாதம் மூன்று கேலன். கூப்பன் வேண்டுமானால் காரை நேரில் கொண்டு வந்து காட்ட வேண்டும். காட்ட வரும்போது கார் காலியாக வர வேண்டும். இரண்டு மாதம் பார்த்துவிட்டு மூன்றாம் மாதம் ஆம்ப்ரோஸ் வாயைத் திறந்தார்.

"சார், நீலசந்திராவுல இருந்து இங்க வர ஏழு மைலு. திரும்பிப் போவ ஏழு மைலு. மூணு கேலனும் அதுக்கே சரியாப் பூடுது சார்."

"அப்படியானால் மூன்று கேலன் போதுமானது என்று நீரே ஒப்புக்கொள்கிறீர்" என்றார் சீனிவாசராகவன்.

"இங்க வந்து போறதுக்குப் போதும் சார். வேற எங்கயும் போவ முடியலியே."

"வேறு எங்கே போக வேண்டும்?"

"சவாரி சார். டாக்ஸி இல்லியா?"

"சவாரியைப் பற்றிப் பெட்ரோல் இலாகாவில் பேசக் கூடாது. அது பர்மிட் இலாகாவைச் சேர்ந்தது."

"அதுக்கும் நீங்கதானே சார் ஆபீசர்?"

"அது மூன்று மணிக்கு மேல். இப்போது மணி பதினொன்று."

ஆம்ப்ரோஸ் வாசல் வேப்பமரத்தடியில் மூன்று மணி வரை நின்றார். மூன்று மணிக்கு அதே நாற்காலியில் அதே சீனிவாசராகவன் மூக்குக் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உம்முடைய டாக்ஸி இரண்டு மாதமாக ஒரு சவாரியும் ஏற்றவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஒரு பிரயாணியையாவது ஏற்றி, ரசீது காட்டாவிட்டால் பர்மிட் ரத்து."

"பெட்ரோல் இல்லியே சார்."

"பெட்ரோலைப் பற்றிக் காலையில் பேசியிருக்க வேண்டும்."

கார் ஓட்டுவதைத் தவிர ஆம்ப்ரோஸுக்கு வேறு தொழில் தெரியாது. பர்மிட் போனால் அந்தக் கார் வெறும் இரும்பு, அவரும் அப்படித்தான். அதிலும் அந்த மாதம் ஒரு சவாரி நிச்சயமாகியிருந்தது. கான்வென்ட் பள்ளிக்கூடத்து டீச்சர் மௌரீனுக்கு மாதக் கடைசி சனிக்கிழமை கல்யாணம். மாதா கோயிலுக்கு ஆம்ப்ரோஸின் காரில்தான் போவேன், நோயலின் தகர டப்பாவில் ஏற மாட்டேன் என்று அவள் அப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.

வெளியே வந்தவரைக் குமாஸ்தா சேஷகிரி தனியே கூப்பிட்டார். சேஷகிரி நல்லவர். எந்த விதிக்கும் பக்கத்தில் ஒரு சந்து இருப்பது அவருக்குத் தெரியும்.

"காரைக் கொண்டு வரணும்னுதான்யா ரூல். பெட்ரோல் போட்டுக் கொண்டு வரணும்னு எங்கே இருக்கு? இன்னிக்குக் கூப்பன் வாங்காமப் போயிட்டு, நாலு நாள் கழிச்சு மாட்டைக் கட்டி இழுத்துண்டு வாரும். மூணு கேலன் அப்படியே மிச்சம்."

நான்காம் நாள் காலை பெங்களூர் ஒரு காட்சி கண்டது. பன்னிரண்டு சிலிண்டர் வேட்டைக் கார் முன்னே இரண்டு வெள்ளைக் காளைகள். பக்கத்தில் வண்டிக்காரர், "ஹோகு, ஹோகு" என்று ஓட்டினார். ஸ்டியரிங்கில் ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மைலுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று.

சீனிவாசராகவன் வாசலுக்கு வந்து காரைச் சுற்றி வந்தார். காளைகளையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் தோன்றியது.

"ஏழு மைல் வந்திருக்கிறது. செலவான பெட்ரோல்?"

"ஒரு சொட்டும் இல்ல சார்" என்றார் ஆம்ப்ரோஸ், பெருமையாக.

"அப்படியானால் இந்தக் காருக்குப் பெட்ரோல் தேவையில்லை" என்று சொல்லி அவருடைய கூப்பனை ரத்து செய்தார்.

"ஐயோ சார்! சவாரிக்கு?"

"அதற்கும் மாடு இருக்கிறதே?"

ஆம்ப்ரோஸ் மூன்று மணி வரை நின்று அதையும் கேட்டுப் பார்த்தார். மாடு இழுத்தால் அது மாட்டு வண்டிச் சவாரி, மோட்டார் பர்மிட்டுக்குச் செல்லாது என்று பதில் வந்தது.

இலாகா அத்தோடு விடவில்லை. ஆம்ப்ரோஸைப் பின்பற்றுமாறு ஊருக்கெல்லாம் சர்க்குலர் அனுப்பியது. ஊர் அதற்கு முன்பே பின்பற்ற ஆரம்பித்திருந்தது. அத்தனை பெரிய கார் மாடு கட்டிப் போகிறதென்றால் அதுதான் புது நாகரிகமாக இருக்க வேண்டும் என்று சௌத் பரேடு வீதிக் கனவான்கள் தீர்மானித்தார்கள். டாங்கி நிறையப் பெட்ரோல் வைத்திருந்தவர்களும் மாடு கட்டினார்கள். கொம்புக்கு நிக்கல் பூண் போட்ட காளைதான் உசத்தி என்று பேச்சாயிற்று.

பதினைந்தே நாளில் ஊரில் புண்ணாக்குக்குப் பஞ்சம் வந்தது. உடனே புண்ணாக்குச் சிக்கன இலாகா ஏற்பட்டது. பிற்பகல் ஒன்று முதல் மூன்று வரை சீனிவாசராகவனே அதற்கும் தலைவர். புண்ணாக்குக் கூப்பன் வேண்டுமானால் மாட்டை நேரில் கொண்டு வந்து காட்ட வேண்டும். ஆனால் ஏழு மைல் நடந்து வந்த மாடுகள் பசியெடுத்து இரண்டு மடங்கு தின்றன. ஆகவே புண்ணாக்குச் சிக்கனத்தை முன்னிட்டு, மாடுகளை நடத்தி வரக் கூடாது, மோட்டாரில்தான் ஏற்றி வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதற்காக ஜோடிக்கு ஆறு கேலன் பெட்ரோல் தனியாகக் கொடுத்தார்கள்.

இரண்டு மாடு ஏறக்கூடிய டாக்ஸி ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. புலிக்காகச் செய்த இடத்தில் அதே வெள்ளைக் காளைகள் சௌகரியமாக நின்றுகொண்டன. ஆம்ப்ரோஸ் அவற்றை மல்லேஸ்வரத்துக்கு ஓட்டிப் போனார். வண்டிக்காரர் பின்னாலேயே நடந்து வந்தார், அவருக்குப் பெட்ரோல் அனுமதி இல்லாததால்.

போக வர மூன்று கேலன் ஆனாலும் மூன்று கேலன் மிஞ்சும். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள். ஆம்ப்ரோஸுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"அவசரப்படாதேயும்" என்றார் சேஷகிரி. "அது மாட்டுப் பெட்ரோல். மனுஷாளை ஏத்தினா ஜெயில்."

"அப்போ என் பர்மிட்டு?"

சேஷகிரி மேஜை டிராயரை இழுத்தார். "படிவம் பதினேழு. மாடுன்னு சர்ட்டிபிகேட் வாங்கிண்டா யார் வேணும்னாலும் ஏறலாம்."

"பர்மிட்டுக்கு மனுஷங்க சவாரி வேணுமே சார்?"

"பெட்ரோல் ஃபைல் இந்த பீரோ. பர்மிட் ஃபைல் அந்த பீரோ. நான் சர்க்கார்ல பதினோரு வருஷம் குப்பை கொட்டிட்டேன். ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலைப் பார்த்ததா நான் கேள்விப்பட்டதில்லை."

ஆம்ப்ரோஸ் படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே மௌரீன் வீட்டுக்குப் போனார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"மிஸ்டர் ஆம்ப்ரோஸ், கல்யாணத்தன்னைக்கு நான் மாடா?"

"பேப்பர்ல மட்டும்தான் மிஸ். இல்லேன்னா நோயல் வண்டி ரெடியா கீது."

மௌரீன் ஸ்வல்ப நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெரு முனையில் நோயலின் கார் நின்றுகொண்டிருந்தது. நிஜமாகவே சின்னதுதான்.

"பேனா இருக்கா?" என்றாள்.

நிறம்: மாநிறம். சுழி: தலையில் ஒன்று, தோஷமில்லை. பல்: முப்பது. சுபாவம்: சாது, பள்ளிக்கூடத்தில் மட்டும் முட்டும். மறுநாள் ஆம்ப்ரோஸ் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்த படிவத்தைச் சீனிவாசராகவன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் காலி இடம் இல்லாவிட்டால் அவர் ஒன்றும் கேட்பதில்லை.

சனிக்கிழமை மௌரீன் வெள்ளை உடுப்பில் கோயில் வாசலில் இறங்கினாள். தெருவே கூடி நின்று பார்த்தது. திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஆம்ப்ரோஸ் ரசீதை நீட்டினார், பர்மிட் புதுப்பிக்கப்பட்டது. அன்று இரவு ஜோசஃபின் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மனுஷன் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்.

மௌரீன் சர்ட்டிபிகேட் சங்கதியை யாரிடமும் சொல்லவில்லை, ஒரே ஒரு சிநேகிதியிடம் தவிர. அடுத்த வாரம் ஆம்ப்ரோஸ் மல்லேஸ்வரத்துக்குப் போனபோது, ஆபீஸ் வாசலிலிருந்து மார்க்கெட் வரை வரிசை நின்றது. வக்கீல்கள், புரொபசர்கள், சௌத் பரேடு கடை முதலாளிகள், தொப்பி வைத்த சீமாட்டிகள். எல்லோர் கையிலும் படிவம் பதினேழு.

"எனக்கு முந்தியே கொடுத்திருக்கணும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து சர்க்கார் சேவகம்" என்று ஒரு பெரிய மனிதர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

சீனிவாசராகவன் வாசலுக்கு வந்து வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அத்தனை மனுக்களுக்கும் சேர்த்து ஒரே குறிப்பு எழுதினார்: "நேரில் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை."

அவரும் ஒரு மனு போட்டிருந்தார். தம் மனுவில் தாமே கையெழுத்துப் போட விதி இல்லை. மாடு அல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீஸ் முழுக்கத் தேடினார்கள். சேஷகிரியே காலையில் சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டிருந்தார். கடைசியில் ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டார்கள்.

"ஸ்ரீமான் சீனிவாசராகவனை உமக்கு நேரில் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்" என்றார் ஆம்ப்ரோஸ். சர்க்கார் காகிதம் ஒன்றில் முழு மனசோடு அவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார்.

"ஆம்ப்ரோஸ்!" என்று சேஷகிரி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "இன்னிக்குக் காலைல வந்த சர்க்குலர் பார்த்தீரா? மாட்டுப் பெட்ரோல் போட்ட வண்டியை மனுஷா ஓட்டக் கூடாதாம். மீறினா பர்மிட் ரத்து."

ஆம்ப்ரோஸின் சிரிப்பு நின்றது. ஒரு படிவம் வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் நின்று மூச்சு விடுவதற்குள் அவருக்குப் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.