ஐந்தாவது பந்துவீச்சாளரின் தகப்பன் எழுதுவது

பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, பார்படோஸ் செயின்ட் பிலிப்பிலிருந்து ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் எர்ஸ்கின் யர்வுட் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் இந்த வெயிலிலும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே யாவரும் சுகம், என் தொண்டையைத் தவிர. காரணம் கீழே வரும்.

முதலில் என் நன்றி. டெஸ்ட் அணிக்கு நான்கு பந்துவீச்சாளர்கள் போதும், ஐந்தாவது ஆள் மதியச் சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளி என்று நான் வாராவாரம் எழுதிய கடிதங்களில் ஒன்றைக்கூட நீங்கள் போடவில்லை. அப்போது உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன சனிக்கிழமை ரம் கடையில் டாமினோ ஆடியபடி இதே நியாயத்தை மேசை அதிரப் பேசிக்கொண்டிருந்தேன், வானொலியில் மேற்கிந்திய அணியை வாசித்தார்கள், ஐந்தாவது பந்துவீச்சாளர் ரிட்லி யர்வுட் என்றார்கள், அது என் மகன், கடையே என் முகத்தைப் பார்த்தது, காயைத் தப்பாக வைத்து ஆட்டத்தையும் தோற்று வீட்டுக்கு ஓடினால், என் மனைவி வெல்மா தனக்கும் மகனுக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் எலுமிச்சையில் ஊறிய பன்றிக்கறியைப் போட்டுவிட்டு எனக்கு வெறும் தட்டை வைக்கிறாள். "நாலு பேருக்குத்தான் சமைச்சேன் எர்ஸ்கின். அஞ்சாவது ஆளு எதுக்குன்னு நீதானே கேப்பே?"

எல்லாரும் சிரித்தார்கள், ரிட்லி சிரிக்கவில்லை. அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, "நெசமாவே நான் வேண்டாத ஆளாப்பா?" என்று கேட்டான். பேருந்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை நான். அன்று அந்த வெறும் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

ஆட்டத்தின் முதல் நாள் நானும் மைதானத்தில் இருக்கிறேன், இங்கிலாந்துக்காரர்கள் அடி பின்னியெடுக்கிறார்கள், கேப்டனோ மற்ற நால்வருக்கே மாற்றி மாற்றிப் பந்தைக் கொடுக்கிறார், என் பையன் எல்லைக்கோட்டில் காய்கிறான், எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து நின்று அஞ்சாவதா ஒருத்தன் இருக்கான்யா என்று கத்த ஆரம்பித்தவன் தேநீர் வரை கத்தினேன், என்னைத் தெரிந்தவர்கள் "நாலு பேர் போதும், உட்காரும்" என்று கேலி செய்தார்கள், தொண்டை அங்கேதான் போனது. கடைசியில் வேகப்பந்துக்காரர் ஹாலிடே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பந்து ரிட்லி கைக்கு வந்தது. முதல் ஓவரில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான். பிறகு சாயங்காலம் வரை ஒரு முனையிலிருந்து பந்துவீசுவதை அவன் விடவேயில்லை, இரண்டு விக்கெட் எடுத்தான். நான் அழுதேன். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவர் தன் கைக்குட்டையையும் மீன் வைத்த ரொட்டியில் பாதியையும் கொடுத்தார், அவர் நன்றாயிருக்க வேண்டும்.

அன்று மாலை மகனிடம், "உன்ன மாதிரி அஞ்சாவதா ஒருத்தன் இல்லாம எந்த டீமும் எறங்கக் கூடாதுடா" என்றேன். "இத பேப்பருக்கு எழுதுவீங்களாப்பா?" என்று கேட்டான். எழுதிவிட்டேன். டெஸ்ட் அணிக்கு ஐந்து பந்துவீச்சாளர்கள் வேண்டும், ஐந்துதான் வேண்டும். இதை என் பெயரோடு போடுங்கள். உங்கள் பிள்ளைகள் நீடூழி வாழட்டும், வெல்மாவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் நன்றி மறவாத,
எர்ஸ்கின் யர்வுட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வானொலியில் அடுத்த டெஸ்டுக்கான அணியைச் சொன்னார்கள். ஹாலிடே இல்லை, அவருக்குப் பதில் ஒரு மட்டையாளர். பந்துவீச்சாளர்கள் நான்கே பேர், அதில் ரிட்லி ஒருவன். ஆகவே மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் பழைய கடிதங்களில் கைக்கு அகப்படுவதை உடனே போடவும். ரிட்லியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். "நாலு பேரே ஜாஸ்திப்பா" என்கிறான்.