பஞ்சுக் கடலில் ஒரு போர்க்கப்பல்

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளத் தனிப் பக்குவம் வேண்டும். எனக்கு அது கிடையாது. கோலம் போட்டால் எங்கள் வாசல் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசல் வரை போய்விடுவேன். கடிதம் எழுதினால் உறையின் பின்பக்கத்திலும் நாலு வரி இருக்கும். இந்தக் குணத்தால் என் அக்கா வசந்தாவின் நிச்சயதார்த்தம் நின்றுபோக இருந்தது. ஒரு போர்க்கப்பலும் அழிந்தது. கடற்கரையே இல்லாத மதுரையில், எங்கள் வீட்டுக் கூடத்தில், பகல் வெளிச்சத்தில்.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சிம்மக்கல் பக்கம் ஒரு கட்டட இன்ஜினியரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். டிரேசிங் தாளில் மைக்கோடு இழுப்பது, தப்பாகப் போன கோட்டை அரை பிளேடால் தாள் கிழியாமல் சுரண்டுவது, இரண்டும் எனக்கு நன்றாக வரும். அதனால் உலகத்தில் எதையும் என்னால் திருத்திவிட முடியும் என்ற எண்ணமும் வந்திருந்தது. (வயது இருபத்திரண்டு. மன்னித்துவிடலாம்.)

அக்காவுக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், அமைதியானவர். பெண் பார்க்க வந்த அன்றே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் அன்று காப்பிக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்று தானே குடித்தாள். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல், மாப்பிள்ளையின் அம்மா. சகுனம் பார்க்கிறவர். முந்தைய ஒரு சம்பந்தத்தை, அந்த வீட்டில் நுழையும்போது பல்லி தோளில் விழுந்தது என்று வேண்டாம் என்றவர். "நிச்சயம் முடியிற வரைக்கும் இந்த வீட்ல யாரும் தும்மக்கூடக் கூடாது" என்று அம்மா எங்களுக்கு உத்தரவு போட்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா நேர் எதிர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் அவருக்கு அன்றே கப்பல் மாமா என்று பெயர் விழுந்தது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டவர், பதிலைக் கேட்டு நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எம்புட்டுப் பெரிய கட்டடத்தையும் ஒரு தாளுக்குள்ள அடக்கிருவியாக்கும்?"

"ஆமா மாமா. அளவு தெரிஞ்சாப் போதும்."

"அப்ப எனக்கு ஒரு வேலை செஞ்சு தாம்மா."

அடுத்த வாரமே அவர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் போர்க்கப்பல். அவர் வேலை பார்த்த அதே ரகக் கப்பலாம். சிங்கப்பூர் போன சிநேகிதர் வாங்கி வந்த பொம்மை. உண்மைக் கப்பலின் எழுநூற்றில் ஒரு பங்கு, என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைகூட இல்லை. உடம்பையும் புகைபோக்கியையும் பீரங்கிகளையும் அவரே ஒட்டி, சாம்பல் நிறமும் அடித்திருந்தார்.

"இதுக்கு மேல கண்ணு ஒத்துழைக்க மாட்டேங்குது. மேல்தளத்துக்குக் கைப்பிடிக் கம்பி, கொடிமரத்துக்குக் கயிறு, ஒரு ரேடார். இதெல்லாம் போட்டாத்தான் கப்பலு. இல்லாட்டி சோப்பு டப்பா. நிச்சயத்தன்னிக்கு வாங்கிக்கிறேன்."

நான் கப்பலை அளந்தேன். ஒரு மீட்டர் உயரக் கைப்பிடியை எழுநூற்றால் வகுத்தால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வரவில்லை. அந்த அளவுக்குக் கம்பி எந்தக் கடையில் விற்கும்? அன்று மாலை அப்பாவின் கொசுவலையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது விடை கிடைத்தது. வலையின் ஒரு கட்டம் அசல் கைப்பிடி உயரம்! கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரே ஒரு வரிசைக் கட்டத்தை நீளமாக நறுக்கி, ஊசி முனையில் பசை தொட்டு, கப்பலின் இரு பக்கமும் ஒட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிஜக் கைப்பிடி. (அப்பாவின் கால் மாட்டில் கொசு புகுந்ததைப் பற்றி அவர் பிறகு நிறையப் பேசினார்.)

ரேடாருக்கு அம்மாவின் டீ வடிகட்டி. நடுவிலிருந்து நகக்கண் அளவு வெட்டி, லேசாக வளைத்தேன். எவர்சில்வர் வலை, அப்படி ஒரு பொருத்தம். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு டீயைக் குடிக்காமல் மென்றோம்.

கயிறுதான் சவால். தையல் நூலை எழுநூற்றால் பெருக்கிப் பார்த்தால் தென்னைமரம் குறுக்கே கிடப்பது மாதிரி வந்தது. தலைமுடியைப் பெருக்கினேன். கச்சிதமான கயிறு! என் முடி சுருட்டை. அக்காவுக்கு இடுப்பு வரை நேர்முடி.

"அக்கா, ஒரு ஏழெட்டு முடி குடேன்."

"எதுக்குடி? செய்வினை வைக்கப் போறியா?"

"உன் மாமனார் கப்பலுக்குக் கயிறு கட்டணும்."

"வெளிய சொல்லித் தொலைக்காத. மாமியா காதுல விழுந்தா அம்புட்டுத்தான்" என்றாள். ஆனாலும் சீப்பை நீட்டினாள். முடியில் இருந்த தேங்காய் எண்ணெயால் பசை பிடிக்கவில்லை. ஏழெட்டு முடிக்கும் தனியாகச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன்.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். மாமா கேட்டது மூன்றே சங்கதி, மூன்றும் முடிந்துவிட்டன. ஆனால் ஆளில்லாத கப்பலைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. சீரகத்தைப் பாதியாக உடைத்தால் சரியாக ஒரு மனிதன் உயரம் வந்தது. வெள்ளை பெயிண்ட் அடித்து மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தினேன். சீரகச் சிப்பாய்கள் விறைப்பாக நின்றார்கள்.

அப்புறம் தோன்றியது, கப்பல் இருந்தால் கடல் வேண்டாமா?

ஒரு பலகையில் பஞ்சைப் பரப்பி, துணிக்குப் போடும் நீலத்தில் நனைத்துக் காயவைத்தேன். அலை அலையாகப் பிரித்துவிட்டேன். நுரைக்கு வெள்ளைப் பஞ்சு. நடுவே கப்பலை வைத்ததும் எனக்கே கண் கலங்கியது. கடைசியாக, நிச்சயத்தன்று காலையில், ஓர் அலை மங்கலாக இருப்பதுபோல் பட்டது. டர்ப்பன்டைனில் கரைத்த நீல பெயிண்டைத் தாராளமாகத் தொட்டு வைத்தேன். அது காயவில்லை.

கப்பலுக்கு வரக்கூடிய ஆபத்துகளை நான் முறையாக யோசித்திருந்தேன். பூனை, குழந்தைகள், தூசி, மின்விசிறிக் காற்று. பூனையை மாடியில் அடைத்தேன். குழந்தைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துத் திண்ணைக்கு அனுப்பினேன். விசிறியை யாரும் போடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். யோசிக்காமல் விட்ட ஒரே ஆபத்து காலை பஸ்ஸில் பரவையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை.

பரவை அத்தைக்கு ஒரு கொள்கை உண்டு. புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்ட வேண்டும். தையல் மெஷினுக்குக் காட்டியிருக்கிறாள். கிரைண்டருக்குக் காட்டியிருக்கிறாள். வண்டி வாகனம் என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் சேர்த்தி.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பாயில் வரிசைத் தட்டுகள் இறங்கின. முதல் தட்டில் அரக்கு நிற நிச்சயப் பட்டு. பக்கத்திலேயே முக்காலியில் என் கப்பல். (இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். எல்லோர் கண்ணிலும் பட வேண்டாமா?) கப்பல் மாமா குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, ஆளெல்லாம் நிக்கிது!"

"ஆமா மாமா. அந்த முனையில நிக்கிறது நீங்கதான்."

சீரகமாக நிற்கும் தன்னையே அவர் ஆசையோடு பார்த்தார். நான் ரேடாரின் வளைவைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"அடியே கலா, இது புது வண்டியாடி?"

"கப்பல் அத்தே."

"சக்கரத்தக் காணோம்?"

"கப்பலுக்குச் சக்கரம் கிடையாது அத்தே."

"சரி, பழத்தை முன்னால வச்சிர்றேன். சூடம் காட்டிரவா?"

நான் ரேடாரில் இருந்தேன். "ம், ம்" என்றேன். அந்த இரண்டு 'ம்'மைத்தான் என் வாழ்க்கையில் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

அதே நேரம் மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அதைப் பார்த்த அப்பா, சம்பந்தியம்மாவுக்கு வேர்க்கிறதே என்று பதறி விசிறியைப் போட்டார். எங்கள் வீட்டு விசிறிக்கு வேகம் ஒன்றுதான், சூறாவளி. அத்தையின் தட்டிலிருந்த சூடம் எரிந்தபடியே நழுவிக் கடலில் விழுந்தது.

கடல் தீப்பிடித்தது.

டர்ப்பன்டைன் அலை முதலில், பிறகு பஞ்சு நுரை, பிறகு மொத்தச் சமுத்திரமும். கப்பலின் கொடிமரம் மெதுவாகத் தலை குனிந்தது. கொசுவலைக் கைப்பிடி சுருண்டது. கறுப்புப் பிசிறுகள் கூடமெங்கும் பறந்து மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இறங்கின. முடி கருகும் நாற்றம் வந்ததும் பெண்கள் எல்லோரும் அவரவர் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். கூடவே கமகமவென்று சீரகம் தாளிக்கும் வாசனை.

"ரசத்தைத் திரும்பத் தாளிக்கிறது யாரு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்.

பாலிடெக்னிக்கில் தீயணைப்புப் பாடம் உண்டு. தீயைக் காற்றுப் படாமல் கனமான துணியால் மூட வேண்டும். பருத்தியை விடப் பட்டு சுலபத்தில் பற்றாது. எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நான் பதறவே இல்லை. கை எட்டும் தூரத்தில் கனமான பட்டு ஒன்று இருந்தது. எடுத்தேன். மடிப்போடு கடல் மேல் போட்டு அமுக்கினேன். தீ அணைந்தது.

பாடம் சரியாகத்தான் இருந்தது. பட்டு பற்றவில்லை. ஆனால் உருகிய பிளாஸ்டிக் எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று அந்தப் பாடத்தில் இல்லை. புடவையைத் தூக்கினேன். கப்பலும் கூடவே வந்தது.

நிச்சயப் பட்டின் நடுவில் சாம்பல் நிறப் போர்க்கப்பல் தலைகீழாகத் தொங்கியது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா போய் அதை அணைத்தார். (ரொம்பச் சீக்கிரம்!)

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார். "நிச்சயப் பொடவையில தீ பட்டிருக்கு. முடி கருகுன வாடை வேற. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? ஏங்க, கிளம்புங்க."

அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். அறைக்கதவு இடுக்கில் அக்காவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், நான் எரித்தது கப்பலை மட்டுமில்லை என்று எனக்கு உறைத்தது.

கப்பல் மாமா என் கையிலிருந்து புடவையை வாங்கினார். உருகிய தன் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இவளே, செத்த உக்காரு" என்றார் மனைவியிடம். "பொடவையில தீ படல. பொடவை தீயை அணைச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணா?"

"முடி வாடை?"

"அது கயிறு" என்றேன் நான், உண்மையைச் சொல்லிவிடுகிற கெட்ட வழக்கத்தில். "அக்கா முடி."

"என்னது!"

"பாத்தியா?" என்றார் மாமா உடனே. "கல்யாணத்துக்கு முந்தியே மாமனாருக்குத் தலைமுடியக் குடுத்திருக்கு மருமக. நம்ம பெத்தது ஒரு கிளாஸ் தண்ணி குடுத்திருக்கா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலை குலுங்கியது. சிரிக்கிறார் என்று முதலில் கண்டுபிடித்தவள் பரவை அத்தை.

"அண்ணி, இம்புட்டு நாள் பட்ட திருஷ்டியெல்லாம் அந்தக் கப்பல்ல ஏறிப் போயிருச்சுன்னு நெனச்சுக்கங்க" என்றாள், சூடத்தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டே.

சம்பந்தியம்மா யோசித்தார். அப்போது அறைக்கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். நேராக மாமாவிடம் போய்க் கையை நீட்டினாள்.

"குடுங்க மாமா. நல்ல நேரம் முடியப்போகுது. கொசுவத்துக்குள்ள மடிச்சுக் கட்டிக்கிறேன், வெளிய தெரியாது."

சம்பந்தியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "உள்பாவாடையில குத்தும்மா. அந்தக் கூரா இருக்கறத மட்டும் பிச்சுட்டுக் கட்டு" என்றார்.

அக்கா கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது கொசுவத்துக்குள் ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. பீரங்கி என்று நினைக்கிறேன். யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நிச்சயம் நடந்தது.

கிளம்பும்போது மாமா கரிந்த பஞ்சைக் கிளறினார். வடிகட்டி ரேடார் மட்டும் பளபளவென்று முழுசாகக் கிடந்தது. அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கேட்ட மூணுல ஒண்ணு தேறிருச்சு. கடல நான் கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். மணவறையில் உட்கார்ந்து நிமிர்ந்தால், ஹோமகுண்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு பெயிண்ட் அடித்த வாளி, நிறைய மணல். மணலின் உச்சியில் ஒரு தீக்குச்சி, அதன் நுனியில் அந்த ரேடார். வாளியின் பின்னால் கப்பல் மாமா, வெள்ளைச் சட்டையில் விறைப்பாக. ஐயர் நெய் விடும்போதெல்லாம் வாளியை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினார். தாலி ஏறும் நேரத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பது எல்லாப் போட்டோவிலும் இருக்கிறது. வாளியும் இருக்கிறது.

போன வாரம் என் மாமியார் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் மகளுக்குத் தையில் கல்யாணம். "இந்த மணல் வாளி உங்க பக்கத்துச் சடங்காமே, பரவை அத்தை சொன்னாக. நல்லதுன்னா நம்மளும் வச்சிருவோம். வைகை மணல்தான் வேணுமா, எந்த மணலும் ஆகுமா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மாமியாரின் முகத்தில் அத்தனை பக்தி.

"வைகை மணல்தான் அத்தே" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சலிச்சு வச்சா இன்னும் விசேஷம்."