துரைக்குப் போட்டி ஏசுதாசன்

"துரை, சாப்பிட்டியா கண்ணு?"

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஏசுதாசனுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஜெயசீலி டீச்சர் இப்படிக் கேட்டதே இல்லை.

"இன்னும் இல்லம்மா" என்று குழைந்துகொண்டே வீட்டுக்குப் பின்னால் போனார்.

அவள் கேட்டது குதிரையை.

செல்லதுரை கல்யாண ஊர்வலக் குதிரை. காதருகே பத்தாயிரம் வாலா வெடித்ததில் மாப்பிள்ளையை உதறிவிட்டு ஓடிய ஓட்டம், ஊரப்பாக்கத்தில் இவர்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் வந்துதான் நின்றது. "வெடிக்குப் பயந்த குதிரை தொழிலுக்கு ஆவாது டீச்சர், நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான் சொந்தக்காரன். ஆள் நிழல் பட்டாலே துரை மிரண்டு ஓடும். ஜெயசீலியிடம் மட்டும் வரும். தினமும் சாயங்காலம் அவள்தான் பிடித்து ஷெட்டில் கட்டுவாள். கட்டாவிட்டால் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய் லாரிக்கு நடுவே நிற்கும்.

ஏசுதாசனுக்கு வயிறு எரிந்தது. அதற்குக் கேரட். இவருக்குக் கேரட் தோலில் கூட்டு. அதற்குத் தலை கோதிவிட்டாள். இவருக்குக் கோத முடியவில்லை. காரணம், முடி இல்லை.

"நான் பிடிச்சா வராதா?"

"உங்ககிட்டயா? சான்ஸே இல்லைங்க."

அன்றைக்கே கயிறோடு இறங்கினார். மனையை நாலு சுற்று துரத்தினார். ஐந்தாவது சுற்றில் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். துரை தூர நின்று வேடிக்கை பார்த்தது.

ஜெயசீலி குதிரையிடம் சத்தமாகப் பேசினாள். "கயிறோட முறைச்சுக்கிட்டு வந்தா யாருடா நிப்பாங்க? முதுகைக் காட்டி நின்னா நீயே வருவே. வந்ததும் பிடிக்காம விட்டா, மறுநாளும் வருவே. இல்லடா?"

ஏசுதாசன் காதில் விழாதவர் மாதிரி சட்டையைப் பிழிந்தார்.

மறுநாளிலிருந்து ஆபீஸில் பர்மிஷன். பாக்கெட்டில் கேரட். முதுகைக் காட்டி மணிக்கணக்கில் நின்றார். ஐந்தாம் நாள் பின்னால் குளம்புச் சத்தம். ஆசையில் திரும்பினார். ஓடிவிட்டது. இரண்டாவது வாரம் பிடரியில் சூடான மூச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேரட் மட்டும் பாக்கெட்டிலிருந்து போனது. போகட்டும் என்று விட்டார்.

பதினேழாம் நாள் தலைக்கயிற்றை நீட்டினார். துரை தானாகவே தலையைத் தாழ்த்தியது. ஏசுதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜெயா! வந்து பாரு. இனிமே துரை என் ஆளு!"

"துரை, வாடா கண்ணு" என்று கூப்பிட்டாள் அவள். துரை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏசுதாசன் தோளில் மூஞ்சியை வைத்துக்கொண்டது.

"என்ன, பொறாமையா இருக்கா?" பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"இருக்காதா பின்ன?" பெருமூச்சோடு உள்ளே போனவள் சூட்கேஸோடு வந்தாள்.

"என்னம்மா இது?"

"ஸ்கூல் லீவு விட்டாச்சுல்ல. நாகர்கோவில்ல அக்கா வீட்டுக்கு ஒரு மாசம் போறேன். தாம்பரம் போய் ட்ரெயின் பிடிக்கணும். துரையைப் பிடிச்சுக் கட்ட ஆள் இல்லையேன்னுதான் இத்தனை நாள் கவலை. சாணி அள்ளுற முறம் ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கு."

"லீவு நேரத்துல டிக்கெட் எப்படிக் கிடைச்சுது?"

"உங்களுக்குப் பொறாமை வந்துடுச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே எடுத்துட்டேங்க."