நாலால் வகு, மிச்சம் பார்

சுருக்கமாகச் சொல்பவன் அறிவாளி என்று இருபத்திரண்டு வயதுவரை நம்பினேன். அடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. நம்பிக்கை போயிற்று.

அப்போது நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். லீப் வருஷம் கண்டுபிடிக்கும் முறையை, அச்சுக்கு வந்த ஒரு பாடப்புத்தகம் ஒரு பத்தியில் விளக்கியிருந்தது. நான் அதை வெட்டி நாலு சொல்லில் நிறுத்தினேன்: 'நாலால் வகு, மிச்சம் பார்.' மிச்சம் இல்லையென்றால் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். (நூற்றாண்டு முடியும் வருஷத்துக்கு என்ன செய்வது என்று கேட்டவரிடம், அதுவரை நீர் இருக்க மாட்டீர் என்று சொல்லியிருக்கிறேன்.)

கல்யாணம் கொல்லம் 1127, மாசி பத்தொன்பது. எங்கள் பக்கம் எல்லாமே கொல்லம் ஆண்டுக் கணக்கு. மதுரை மில்லில் வேலை பார்த்த தாய்மாமாவுக்கோ இங்கிலீஷ் தேதிதான் எழுத வேண்டும். அப்பா இல்லாத வீடு. மாமா கையைப் பிடித்துத்தான் மணவறைக்கு வருவேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். கடிதம் என் பொறுப்பு.

"எதுத்த கடையில காலண்டர் தொங்குதுல்லா. ஒரு எட்டு பாத்துக்கிட்டு எழுதப்பிடாதாலே?" என்றாள் அக்கா.

"காலண்டர் பாக்கது கணக்குத் தெரியாதவன் வேலை" என்றேன்.

மாசி ஒன்று, பிப்ரவரி பதிமூன்று. அது தெரியும். பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. முன்னால் இருந்த தாளில் 1127 என்று எழுதியிருந்தது. நாலால் வகுத்தேன். மிச்சம் மூன்று. ஆகவே இருபத்தெட்டு நாள். வகுக்க வேண்டியது இங்கிலீஷ் வருஷமான 1952-ஐ என்பது எனக்குத் தோன்றவேயில்லை. மார்ச் இரண்டாம் தேதிக் கல்யாணம் கடிதத்தில் மூன்றாம் தேதியாகிவிட்டது. கிழமை எழுதியிருந்தால் மாமாவாவது கண்டுபிடித்திருப்பார். சுருக்கத்தை உத்தேசித்து அதையும் வெட்டியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முகூர்த்த நேரம். மதுரை பஸ் இரண்டு வந்து போயின. மாமா இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் அக்கா தனியாகவே நடந்து வந்து மணவறையில் உட்கார்ந்தாள். கெட்டிமேளத்தில் அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் பந்தல்காரர் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாமா வந்து சேர்ந்தார். கையில் சேலைப் பொட்டலம். முகத்தில் முந்தின நாளே வந்துவிட்ட பெருமை.

"இப்பமே வாழை கட்டியாச்சா? பரவாயில்லலே, வேலை சுறுசுறுப்பாத்தான் நடக்கு" என்றார்.

நான்தான் 1127-லிருந்து மிச்சம் மூன்று வரை சொல்லி முடித்தேன். அறை விழும் என்று நின்றேன். மாமா பந்தல்காரரிடம் வாழையைத் திரும்பக் கட்டச் சொன்னார். பொட்டலத்தை அக்காவிடம் நீட்டினார்.

"மக்கா, இத உடுத்துக்கிட்டு வா. எனக்கு நாளைக்குத்தான் கல்யாணம். இன்னைக்கே முடிச்சிருவோம்."

உள்ளறையிலிருந்து மணவறைக்குப் பதினைந்தடி இருக்கும். மாமா அவள் கையைப் பிடித்து நடத்தி வந்தார். மத்தியானப் பாயசத்தில் கண் சொக்கியிருந்த மாப்பிள்ளை, வாடிய மாலையைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மேளக்காரர்கள் போய்விட்டதால் இந்த முறை அக்கா அழுதது எல்லோருக்கும் கேட்டது.

இப்போதும் அக்கா வீட்டுக் கல்யாண அழைப்பிதழ்களில், அச்சுக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'தேதி தம்பி பாத்ததில்லை. தைரியமா வரலாம்.'

எனக்கு வரும் அழைப்பிதழிலும் இருக்கும்.