லிட்மஸ் அக்காவும் என் நாடித் துடிப்பும்

வெள்ளவத்தையில் ஒருவருடைய இரத்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விஞ்ஞானத்தை ஏற்றி அனுப்பக்கூடிய ஒரே மனுசி லிட்மஸ் அக்காதான். அன்று எங்கள் தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்தில் இருந்தவர்கள்: அவர், நான், என் மகள் ஆரணி, மேல்மாடியில் இருக்கும் கடைக்காரர் பளீல் நானா, அவருடைய மகன் ருஷ்தி, காவலாளி சிறிபால அய்யே. எல்லோரும் என் இதயத்தைப் பார்க்க வந்திருந்தார்கள்.

அக்காவுக்கு வேலை காலி வீதியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பது. பழைய சர்பத் போத்தலில் செவ்வரத்தம்பூச் சாறு கொண்டு திரிவார். அயலவர் வீட்டு ரசம், கிணற்றுத் தண்ணீர், கல்யாண வீட்டு மோர், எதைக் கண்டாலும் இரண்டு துளி விட்டு, அமிலமா காரமா என்று நிறம் பார்ப்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

ஊசி ஏறும்வரை சாதாரணமாகக் கதைப்பார். ஏறிய பிறகுதான் கேள்வி வரும்.

"பிள்ளை ஓ.எல். எடுத்திட்டுதோ? ஏ.எல்.லுக்கு என்ன செய்யுது?"

"கொமர்ஸ்..."

"ஆட்டாதைங்கோ கையை. ஏன் சயன்ஸ் இல்லை?"

ஊசி கைக்குள் இருக்கும்போது யார் வாதாடுவார்கள்? எங்கள் ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கப் போனதற்குக் காரணம் பெற்றோருடைய சர்க்கரை வியாதி.

நான் தப்பியிருந்தேன். இரத்தம் கொடுக்கப் பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை? ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞான மாஸ்டர் வாயுச் சுடரடுப்பைப் பற்ற வைத்தபோது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. வாசலால் ஓடிய நான் இன்னும் வகுப்புக்குத் திரும்பவில்லை. இப்போது போட்டோக்கொப்பி எடுக்கும் கொமியூனிகேஷன் கடை வைத்து மற்றவர்களுடைய பட்டச் சான்றிதழ்களை லமினேற் செய்கிறேன். பட்டம் என் கையில் சூடாகத்தான் இருக்கும். ஆனால் பெயர் என்னுடையதல்ல.

ஆரணி பௌதிகம் படிக்க வேண்டும் என்றாள். உயர்தர வகுப்பான ஏ.எல்.லுக்குப் பிரிவு தெரிவு செய்யும் படிவத்தில் என் கையொப்பம் வேண்டும். எனக்கு நித்திரை போய்விட்டது. அமிலம், மின்சாரம், வெடிப்பு, கண்ணாடித் துண்டு! படிவம் பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி அதை லமினேற் செய்துவிட்டேன். அதன்மேல் எந்தப் பேனாவும் பிடிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு படிவம் வாங்கிக்கொண்டு நேரே அக்காவிடம் போய்விட்டாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் எல்லோரையும் கார் நிறுத்துமிடத்தில் கூட்டிவிட்டார்.

"விஞ்ஞானம் பயம் எண்டு சொல்லுறீங்கள். சரி, அளந்து பார்ப்பம்," என்று அக்கா என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். சிறிபால அய்யே கதிரை கொண்டுவந்து வைத்து, "மாத்தயா, வாடி வென்ன," என்று சிங்களத்தில் என்னை இருக்கச் சொன்னார், பல் பிடுங்க வந்தவனிடம் சொல்வதுபோல.

சும்மா இருக்கும்போது எண்பத்தாறு. ருஷ்தி கொப்பியில் எழுதி, தூண் தூணாக வரைபு கீறத் தொடங்கினான்.

"அப்பா, நான் பௌதிகம் படிச்சு ஆராய்ச்சி செய்யப்போறன்."

நூற்றுப் பன்னிரண்டு.

நான் துள்ளினேன். "பாத்தியளா! என்ரை நாடியே வேண்டாம் எண்டு சொல்லுது!"

அக்கா பிள்ளைகளைப் பார்த்தார். "அவசரப்பட்டு முடிவு சொல்லுறார். இந்தப் பரிசோதனையிலை என்ன பிழை?"

ஆரணி நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ஒப்பிட்டுப் பார்க்க ஒண்டும் இல்லை, அக்கா. மற்றதையும் சொல்லிப் பார்க்கவேணும்."

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! லொத்தரில் கார் விழுந்தவர் மாதிரி. எனக்குத் தண்ணீர் கொடுத்து, துடிப்பு இறங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அப்பா, நான் கொமர்ஸ் படிச்சு பாங்கிலை வேலை செய்யப்போறன்."

பாங்க் என்றதும் எனக்குக் கொள்ளைக்காரர் தெரிந்தார்கள். பிறகு கணக்கில் குறையும் காசு. பிறகு பொலிஸ். நூற்றுப் பதினாறு.

"என்ட அல்லா!" என்றார் பளீல் நானா. "கொமர்ஸுக்கும் இந்தப் பாய்ச்சலா? அப்ப நானும் கடைய மூடணும் போல ஈக்கி!"

சிரிப்பு அடங்கியதும் ஆரணி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, நான் படிக்கேல்லை. உங்களோடை கடையிலை நிக்கிறன்."

அக்கா எண்ணினார். நம்பாமல் திரும்பவும் எண்ணினார்.

"நூற்று முப்பத்தி நாலு," என்றார் மெதுவாக.

ருஷ்தி கீறிய வரைபில் கடைசித் தூண் கொப்பியின் மேல் விளிம்பில் போய் முட்டியது.

"உங்களுக்கு எல்லாத்துக்கும்தான் பயம்," என்றார் அக்கா. "அது பிழையில்லை. பயமில்லாத ஆக்களை நான் ஆய்வுகூடத்துக்குள்ளை விடவே மாட்டன். மூடியை இறுக்கினனோ எண்டு மூண்டுதரம் பாக்கிறவர்தான் எனக்கு வேணும். பிள்ளை எனக்கு எல்லாம் சொன்னது; நீங்கள் அண்டைக்கு அந்த வகுப்பிலையே நிண்டிருக்கவேணும்."

அப்படி ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. என்னை அறிந்தவர்கள் எல்லோரும் ஓடியது சரிதான் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆரணி படிவத்தை என் மடியில் வைத்தாள். வலது கையால் கையொப்பம் போட்டேன். எழுத்துகள் நண்டு ஓடிய மணல் மாதிரி இருந்தன. ருஷ்தி கொப்பியை மூடிவிட்டான், சிறிபால அய்யே கேற்றடிக்குப் போய்விட்டார், பளீல் நானா தேத்தண்ணி சொல்லப் போனார். எண்ணுவதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் லிட்மஸ் அக்கா என் இடது மணிக்கட்டை விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை.