பூட்ஸ் போட்ட ஜனநாயகம்

உலகத்தில் ஜனநாயகம் மூன்று இடங்களிலே பிறந்தது. முதலாவது கிரேக்க தேசம். இரண்டாவது இங்கிலாந்து. மூன்றாவது, திருகோணமலை உட்துறைமுக வீதியில் பாக்கியரத்தினம் முதலாளியின் சீமெந்துக் கடைக்கு மேல்மாடி. முதல் இரண்டு இடத்திலும் அது வெறுங்காலோடு பிறந்து, விழுந்து எழும்பி, அடிபட்டு வளர்ந்தது. மூன்றாவது இடத்தில்தான் பிறக்கும்போதே பூட்ஸ் போட்டுக்கொண்டு பிறந்தது.

அந்தப் பிரசவத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் லெஸ்லிக்குக் கிடைத்தது. லெஸ்லி அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர்; மாலை வேளைகளில் துறைமுகக் கிண்ண உதைபந்தாட்ட லீக்கின் கௌரவ செயலாளர். 'கௌரவ' என்றால் வேலை உண்டு, சம்பளம் இல்லை என்று அர்த்தம். அந்தக் குறையைப் பதவியின் கனத்தால் ஈடுகட்டிக்கொண்டார். 'இத்தால்' என்ற கச்சேரிக் கடிதச் சொல்லின்மேல் அவருக்குத் தீராத காதல். வீட்டில் சீனி முடிந்தால்கூட, "இத்தால் அறியத்தருவது" என்றுதான் மனைவி கிறிஸ்டினிடம் சொல்லுவார்.

வெள்ளைக்காரக் கடற்படை ஊரைவிட்டுப் போய்க் கொஞ்சக் காலம். போகும்போது கப்பல்களைக் கொண்டுபோனார்கள், உதைபந்தை மறந்துவிட்டுப் போனார்கள். அதை எடுத்து ஊரே உதைத்தது. லீக்கில் எட்டுக் கழகங்கள். ஒரு கழகத்துக்கு ஒரு வாக்கு. இந்த அநாகரிகம் அன்றிலிருந்து நடந்துவந்தது.

எட்டில் இரண்டு கழகங்கள் வசதியானவை. 'ஹார்பர் கிங்ஸ்' பாக்கியரத்தினம் முதலாளியுடையது. அவருக்குக் கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் கொந்தராத்து. 'ரோயல் பேர்ள்ஸ்' ஜெமீல் ஹாஜியாருடையது, அவருக்கு லொறிகள். முதலாளி கோயிலுக்குப் போவார், ஹாஜியார் பள்ளிக்குப் போவார், பின்னேரம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மற்ற ஆறு கழகங்களின் எதிர்காலத்தை நினைத்துக் கண்கலங்குவார்கள். இன ஒற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தத் தீவில் கிடையாது.

மேல்மாடியில் மகாசபைக் கூட்டம் கூடியது. பற்றீஸும் தேத்தண்ணியும் வந்தன. முதலாளி தொண்டையைச் செருமினார்.

"லீக்கின்ர தரம் உயர வேணும். அதுக்காக ஒரு சின்னத் தீர்மானம். பதினொரு ஆட்டக்காரருக்கும் பூட்ஸ் இருக்கிற கழகத்துக்குத்தான் இனி வாக்கு. பூட்ஸ் உள்ளவைக்கு வோட்டு. மற்றவை தகுதிகாண் போட்டி விளையாடலாம்."

"தகுதிகாண் போட்டியில வெண்டா?" என்று கேட்டான் அபூதாஹிர். கிண்ணியா 'பிறைமதி' கழகத்தின் தலைவன், இறால் வலைக்காரன், அவனுடைய இடது காலுக்கு ஊரில் தனி மரியாதை.

"வெண்டா, எங்களோட விளையாடித் தோக்கிற உரிமை கிடைக்கும்," என்றார் ஹாஜியார் அன்போடு.

"ஹாஜியார், பூட்ஸ் இல்லாட்டிப் பந்து போகாதா?"

"போகும் மகன். தரம் வராது."

"போன வருசம் எங்கட வெறுங்கால் உங்கட பூட்ஸுக்கு மூணு கோல் போட்டிச்சே."

"அதுதானே பிரச்சினை," என்று முதலாளி பெருமூச்சு விட்டார். "தரமில்லாத கோல்கள் லீக்கில கூடிப்போச்சுது."

தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. அது நிறைவேறுவதற்கு முன்பே அமலுக்கு வந்துவிட்டபடியால், பூட்ஸ் உள்ள இரண்டு கழகங்களே அதற்கு வாக்களிக்கத் தகுதி பெற்றன. இரண்டு கைகள் உயர்ந்தன. எதிராக ஒருவருமில்லை, எதிராக இருந்தவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு இருந்தார்கள். லெஸ்லி எழுந்தார்.

"இத்தால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது!"

அடுத்த தீர்மானம் லெஸ்லியைப் பற்றியது. கிங்ஸும் பேர்ள்ஸும் என்றென்றைக்கும் தரம் இறக்கப்படாத 'நிரந்தர உறுப்பினர்கள்'. அவற்றுக்கு ஒரு 'நிரந்தரச் செயலாளர் நாயகம்' வேண்டும். அவருக்கு ஒரு சுழல் கதிரை. லெஸ்லி அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி முடிந்தபோது அபூதாஹிரும் மற்றவர்களும் படியிறங்கிப் போயிருந்தார்கள். அவருக்கு ஏனோ பற்றீஸ் தொண்டையில் சிக்கியது. தேத்தண்ணி குடித்ததும் இறங்கிவிட்டது.

வீட்டில் செய்தி அவருக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. கிறிஸ்டின் சாதாரண ரசிகை அல்ல. கடற்கரைப் பக்கத்து 'விடிவெள்ளி'க் கழகத்துக்குக் கோல் காப்பவன் அவளுடைய தம்பி பேணாட். விடிவெள்ளி விளையாடும் நாளில் குசினி நெருப்பு அணைந்திருக்கும்; கிறிஸ்டின் எரிந்துகொண்டிருப்பாள்.

"இஞ்சருங்கோ, எங்கட பேணாட்டுக்கு இனி லீக்கில விளையாட ஏலாதாமே?"

"ஏலாது எண்டில்லை. தகுதிகாண் வழியாக..."

"ஓம் ஓம்." அவள் சாப்பாட்டுக் கோப்பையில் வெறும் பிட்டை வைத்தாள். பக்கத்துச் சட்டியில் பாரைமீன் குழம்பு மணத்தது.

"குழம்பு?"

"அது நிரந்தர உறுப்பினருக்கு. நீங்கள் இண்டைக்குத் தகுதிகாண்."

லெஸ்லி வெறும் பிட்டைச் சாப்பிட்டார். தரம் உயரும்போது ஆரம்பத்தில் கொஞ்சம் விக்கத்தான் செய்யும்.

முதலாளி பெரிய மனது உள்ளவர். திறமை எங்கிருந்தாலும் அதை வெளியே விட்டுவைக்கமாட்டார். பேணாட்டுக்கு ஒரு சோடி பூட்ஸும், கிங்ஸில் இடமும், களஞ்சியத்தில் வேலையும் தருவதாக லெஸ்லி மூலம் சொல்லியனுப்பினார். லெஸ்லிக்கு உண்மையிலேயே சந்தோசம். பேணாட்டுக்குக் கடலை விட்டால் வேறு தொழில் கிடையாது. மாரி மூன்று மாதமும் அதுவும் கிடையாது. வேலையென்றால் சின்ன விசயமில்லை.

பேணாட் பூட்ஸைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாலடி நடந்தான். சேற்றில் விழுந்த கொக்கு மாதிரி இருந்தது.

"பழகப் பழகச் சரிவரும்," என்றார் லெஸ்லி.

"எனக்குச் சரிவரும் அத்தான். மற்றப் பத்துப் பேருக்கும்?"

"அவைக்கு... தகுதிகாண்."

பேணாட் குந்தியிருந்து கயிறுகளை அவிழ்த்தான். கோபமாகக்கூட இல்லை.

"அப்ப இது பூட்ஸ் இல்லை அத்தான், பூட்டு. முதலாளியிட்டயே திருப்பிக் குடுங்கோ."

லெஸ்லி அந்தப் பூட்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீதியால் நடந்து போனார். அன்றைக்குப் பார்த்து ஊரில் எல்லோரும் வாசலில் நின்றார்கள்.

'உயர்தர லீக்' கோலாகலமாக ஆரம்பமாயிற்று. மைதானத்தின் மூன்று பக்கமும் கிடுகு வேலி. நாலாவது பக்கம் கடல். கடலுக்கு வேலி போட முதலாளிக்கு இன்னும் கொந்தராத்துக் கிடைக்கவில்லை. கடலோரமாக ரசிகர்களுக்குப் பலகை ஆசனங்கள். லெஸ்லி ஒலிபெருக்கியோடு மேடையில் அமர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு புரவலர்களும். ஒருவரும் வரமாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்த லெஸ்லிக்கு அதிர்ச்சி. ஊரே வந்தது. கிறிஸ்டின் தலைமையில் பெண்கள், துறைமுகத் தொழிலாளர், கப்பல்துறையில் இருந்து சைக்கிளில் வந்தவர்கள், மூதூரில் இருந்து லோஞ்சில் வந்தவர்கள். எல்லோரும் ஒழுங்காகப் பலகைகளில் ஏறினார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

லெஸ்லி ஒலிபெருக்கியைத் தட்டினார். "ரசிகப் பெருமக்களுக்கு இத்தால் அறியத்தருவது, மைதானம் மற்றப் பக்கம் இருக்கிறது."

கிறிஸ்டின் திரும்பாமலே உரத்துச் சொன்னாள்: "எங்கட கண்ணுக்குப் பூட்ஸ் இல்லை, செயலாளர் நாயகம்! தரமான ஆட்டத்தைப் பார்க்க அதுக்குத் தகுதி காணாது!"

ஆட்டம் தொடங்கியது. கோட்டைப் பக்கமிருந்து இரண்டு மான்கள் மேய்ந்துகொண்டே கடற்கரைப் புல்லுக்கு வந்தன. கொம்பன் மான் தலையை நிமிர்த்திப் பார்த்தது. சனம் கைதட்டியது. மான் ஒரு கடி புல் கடித்தது. "ஆகா! என்ன கடி!" என்று விசில் பறந்தது. மைதானத்தில் கிங்ஸின் ஆட்டக்காரர்கள், தாங்கள் செய்ததில் எதற்குக் கைதட்டு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் கிண்ணியாவில் இருந்து வள்ளங்கள் வந்து மணலில் ஏறின. அபூதாஹிரும் அவனுடைய ஆட்களும் குதித்தார்கள். இந்தப் பக்கத்தில் இருந்து விடிவெள்ளி இறங்கியது. வள்ளம் வலிக்கும் நாலு சவள்களை மணலில் நட்டார்கள். கோல் கம்பம் தயார். அப்போதுதான் லெஸ்லிக்கு விளங்கியது. சனம் முதுகைக் காட்டவில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தது, வேறொரு ஆட்டத்துக்கு.

மைதானத்தில் கிங்ஸ் ஒரு கோல் அடித்தது. அதே கணம் மணலில் பேணாட் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தான். சனம் எழும்பிக் கூவியது. பாக்கியரத்தினம் முதலாளி ஆசனத்தை விட்டு எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, சனத்தின் முதுகுகளை நோக்கிக் கைகூப்பி வணங்கினார்.

"பார்த்தீரே ஹாஜியார்? சனம் வழிக்கு வருகுது."

ஹாஜியார் தன்னுடைய கோல் பக்கத்தையே பார்த்தார். அவருடைய கோல் காப்பாளன் கம்பத்தில் ஏறி நின்று கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிங்ஸுக்கு அந்தக் கோல் அதனால்தான் கிடைத்தது.

லெஸ்லி கடமை தவறாதவர். கண் மைதானத்தில் இருக்கவேண்டும் என்று அதற்குக் கட்டளையிட்டார். கண் கேட்கவில்லை. மணலில் விடிவெள்ளிக்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டிவிட்டான். தண்டனை உதை. அபூதாஹிர் பந்தை வைத்தான். எதிரே பேணாட், முழங்காலில் கைகளை ஊன்றியபடி. லெஸ்லியின் கையில் ஒலிபெருக்கி இருந்தது. அது அவருக்கே மறந்துபோயிற்று.

"இடது கால்! அவன் இடது காலாலதான் அடிப்பான், தம்பி! வலப்பக்கம் விழு! விழடா!"

துறைமுகம் முழுக்கக் கேட்டது. பேணாட் வலப்பக்கம் விழுந்தான். அபூதாஹிருக்கும் காது இருந்தபடியால் பந்து இடப்பக்கம் போனது. கோல்.

சனம் சிரித்தது. கிண்ணியாக்காரர் சிரித்தார்கள், விடிவெள்ளிக்காரர் சிரித்தார்கள். பேணாட் மணலில் கிடந்தபடியே மேடையைப் பார்த்து, "அத்தான், வாயை மூடுங்கோ!" என்று கத்தினான். கிறிஸ்டின் அன்று முதல் தடவையாக மைதானப் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"செயலாளர் நாயகம்!" என்று முதலாளி உறுமினார். "நீர் எந்த மட்சைச் சொல்லுறீர்?"

லெஸ்லி 'இத்தால்' என்று தொடங்கினார். அதற்குள் மணலில் அடுத்த பந்து பறந்தது, கண் அங்கே போய்விட்டது.

உயர்தர லீக் அதற்குப் பிறகும் வீறுநடை போட்டது. இரண்டே கழகங்கள் என்றபடியால் ஒவ்வொரு வாரமும் கிங்ஸ் பேர்ள்ஸோடு மோதும். மறு வாரம் ஒரு மாற்றத்துக்காகப் பேர்ள்ஸ் கிங்ஸோடு மோதும். முதலிடமும் இரண்டாமிடமும் உறுதி. கடைசி இடமும் இரண்டாமிடமும் ஒன்றே என்பதை ஹாஜியார்தான் முதலில் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இரு புரவலர்களுக்கும் கதை பேச்சு இல்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பூட்ஸைக் கழற்றிக் கோல் கம்பத்தில் கொழுவிவிட்டு மணலுக்கு இறங்கினார்கள். ஒரு சனிக்கிழமை நடுவர் விசிலையும் கொண்டு போய்விட்டார். மைதானத்தில் மிஞ்சியது மான்கள் மட்டும். அவற்றுக்கு இயற்கையிலேயே குளம்பு இருந்தபடியால், வாக்குரிமை இருந்திருக்கும்.

கடைசியில் வள்ளல்களின் மனம் இளகியது. லீக்கை மக்களிடமே வழங்குவதென்று இருவரும் முடிவு செய்தார்கள். சும்மா வழங்க முடியுமா? கடற்கரையில் மேடை போட்டு, 'உதைபந்தாட்டத்தை மக்களுக்கு ஈந்த மாமனிதர்கள்' என்று துணியில் எழுதிக் கட்டி, விழா எடுத்தார்கள். மாலைகளையும் அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் கர்ணனையும் பாரியையும் இழுத்தார்கள். கூட்டத்தில் அபூதாஹிர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கிறிஸ்டின் வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதுதான் லெஸ்லிக்கு அதிகம் பயமாக இருந்தது.

நன்றியுரை நிரந்தரச் செயலாளர் நாயகத்துடையது. லெஸ்லி எழுந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார். முதலாளி மாலைகளை அவர் கையில் கொடுத்து, "சுருக்கமாப் பேசும், ஆனா விட்டுடாமல் எல்லாத்தையும் சொல்லும்," என்று காதுக்குள் ஓதினார்.

லெஸ்லி மாலைகளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கீழே பேணாட் மணல் ஒட்டிய காலோடு நின்றான். அவர் கையிலிருந்த மாலைகளில் ஒன்றை மேசையில் வைத்தார்.

"பெரியோர்களே," என்றார் கச்சேரிக் குரலில், "எங்கட மாடு ஒண்டு களவு போனது. இப்ப திரும்பி வந்திட்டுது. கொண்டுவந்து கட்டினவைக்கு ஊர் சார்பில நன்றி. அவிட்டுக்கொண்டு போனவையும் அவையேதான் எண்டபடியால், செலவைக் குறைச்சு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மாலை போடுறன். தலையைக் கிட்டக் கொண்டுவாங்கோ."